நீலம் போட்ட ஏரி

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஐம்பதை நெருங்கும்போது கலை வந்தது. அந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வரும், முழங்கால் வலி வரும். இவருக்கு ஒரு கறுப்புக் கேமராவும், உடம்பெல்லாம் பை வைத்த ஒரு சட்டையும் வந்தன. அத்தனை பைகளிலும் என்னதான் வைத்திருக்கிறார் என்று அக்கா ஒரு நாள் துழாவிப் பார்த்தாள். ஒரு சீப்பு இருந்தது.

அன்றைக்கே அவருக்குத் துரை என்று பெயர் வைத்துவிட்டேன். நேரில் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். வாயில் அத்தான், மனதில் துரை. எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

துரைக்கு உலகத்தில் எல்லாமே வெளிச்சம்தான். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் திருப்பி வைப்பார், வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டுமாம். அக்கா காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஜன்னலை விரியத் திறந்துவிட்டு, "அசையாதே, முகத்துல என்னமா விழுது பாரு" என்று படம் எடுத்தாராம். மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடியவள் நான்.

இதெல்லாம் போகட்டும், வீட்டுக்கு வீடு ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கிறுக்கருக்கு ஓர் உத்தியோகமும் இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் இன்ஜினியர். ஊரே குடிக்கிற ஏரி அவர் பொறுப்பு. அந்த ஏரித் தண்ணீரில்தான் என் கணவரின் பிழைப்பு.

என் கணவர் சலவைக்கடை வைத்திருக்கிறார். கடை என்றால் சும்மா இஸ்திரி மேசை இல்லை. பெரிய மெஷின்கள், உலர்த்தும் அறை, வேலைக்கு ஆள் எல்லாம் உண்டு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய ஓட்டலின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைத்துணி எல்லாம் எங்களிடம்தான் வரும். அந்த ஒரு ஓட்டலை நம்பித்தான் கடையே ஓடுகிறது. கொஞ்ச காலமாக வெள்ளைத் துணி வெள்ளையாகத் திரும்பவில்லை. முதலில் லேசாகப் பழுப்புத் தட்டியது. பிறகு நன்றாகத் தெரிகிற மஞ்சள். ப்ளீச் போட்டால் மஞ்சள் இன்னும் ஏறியது. நீலம் போட்டு மறைக்கப் பார்த்தால் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை வந்தது. சோப்பை மாற்றினார், மெஷினைப் பிரித்துக் கழுவினார், வேலைக்காரர்களிடம் சத்தம் போட்டார், பிறகு சத்தம் போட்டதற்கு வருத்தப்பட்டார். வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு வெள்ளை வாளியில் பிடித்துவைத்து, அதற்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடிந்து பார்த்தால் வாளியின் அடியில் மஞ்சள் வண்டல்.

தண்ணீர்தான் கோளாறு என்று தெரிந்ததும், சகலைதானே, உரிமையாகக் கேட்கலாமென்று ஒரு விரிப்பை மடித்து எடுத்துக்கொண்டு துரையின் அலுவலகத்துக்குப் போனார். துரை விரிப்பை விரித்துக்கூடப் பார்க்கவில்லையாம்.

"சகலை, நம்ம தண்ணி கண்ணாடி மாதிரி. மாசா மாசம் மதகுப் பக்கம் எடுத்து டெஸ்ட் பண்றோம். நீ சோப்புல மிச்சம் பிடிக்காதே, அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த ஊழியர்கள் சிரித்தார்களாம். என் கணவர் அதை என்னிடம் சொல்லும்போது அவரும் சிரிக்கப் பார்த்தார். 

ஏரியிலிருந்து ஊருக்கு இரண்டு வழியாகத் தண்ணீர் வருகிறது. மதகுப் பக்கத்துத் தண்ணீர் துரை குடியிருக்கிற மேட்டுத் தெருக்களுக்கு. ஓடை வந்து விழுகிற எதிர்க்கரையில், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற பழைய பம்ப் அறையிலிருந்து வருவது எங்கள் பக்கத்துக்கு. ஓடைக்கு மேலே எங்கோ மலையைத் தோண்டுகிறார்கள் என்று பேச்சு. துரை டெஸ்டுக்குத் தண்ணீர் எடுப்பது தன் வீட்டுக்கு வருகிற பக்கம். எங்கள் பக்கத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள் என்று மனு கொடுத்தோம். உங்கள் தொட்டியைக் கழுவுங்கள் என்று பதில் வந்தது. கீழே துரையின் கையெழுத்து, வாலை நீட்டிச் சுழித்து, அதுவும் கலைதான்.

ஓட்டல் மேலாளர் கெட்டவர் இல்லை. "உங்க மேல எனக்குக் கோபமில்லை. ஆனா விருந்தாளிங்க விரிப்பைப் பாத்து முகம் சுளிக்கறாங்க. இந்த மாசம் முடிய பாப்பேன், அப்புறம் வெளியூர்க்காரங்களுக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஓட்டல் போனால் கடை போகும்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை எனக்கு போன் செய்தார். நான் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அச்சகத்தில் படங்களைத் திருத்துகிறவள். மாப்பிள்ளையின் பருவை எடுப்பேன், கடைத் திறப்பு விளம்பரத்தில் முதலாளியின் தொப்பையைக் குறைப்பேன். துரையின் அகராதியில் இது "கம்ப்யூட்டர் வேலை". அவர் செய்வது கலை.

"ஏம்மா, கேமராவோட ரா ஃபைலை எடிட் பண்றதுக்கு ஏதோ ஓசி சாப்ட்வேர் இருக்காமே. வந்து போட்டுக் கொடேன்."

கேமராவுக்குக் காசைக் கண்டபடி கொட்டியவருக்கு மென்பொருள் மட்டும் ஓசியில் வேண்டும். அந்த மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். யாரோ முகம் தெரியாதவர்கள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து எழுதி ஊருக்கெல்லாம் விட்டிருக்கிற தங்கமான பொருள். அது போய் இவர் கையில் மாட்ட வேண்டுமா என்றுதான் வருத்தம்.

போனேன். அக்கா காபி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, பொறுத்துக்கொள் என்று கண்ணால் சொன்னாள். மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். துரை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் சொடுக்கி, ஒரு படத்தைத் திறந்தார்.

ஏரிதான். அலுவலகத்து ஆண்டு நாட்காட்டியின் அட்டைக்காக அவர் எடுத்தது. ரா என்பது கேமரா பார்த்ததைப் பார்த்தபடி அள்ளிப் போட்ட கோப்பு. பூச்சு இல்லை, பவுடர் இல்லை. அதனால் எல்லாம் மங்கலாகத்தான் இருந்தது. தூரத்தில் மலை, மேலே கொஞ்சம் மேகம், முன்னால் வெள்ளையடித்த பழைய பம்ப் அறை. அந்தப் பம்ப் அறையைச் சுற்றி, ஓடையின் வாயிலிருந்து ஏரியின் நடுவரைக்கும், மஞ்சள். துருப்பிடித்த தகரத்தை ஊறவைத்த மாதிரி ஒரு மஞ்சள்.

 என் வீட்டு வாளியின் அடியில் கிடந்தது இப்போது அவர் திரையில் முழு அகலத்துக்குக் கிடந்தது. பக்கத்தில் அந்த ஏரிக்குப் பொறுப்பான இன்ஜினியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சே, கலர் காஸ்ட்" என்றார்.

"அப்படின்னா அத்தான்?"

"அதும்மா, கேமரா சில நேரம் ஏமாந்துடும். வெளிச்சத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எல்லாத்துக்கும் மஞ்சள் அடிச்சிடும். ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணினா போயிடும். உனக்கு இதெல்லாம் பழக்கமில்ல, பாத்துக்கோ."

தினமும் பத்துப் பேருக்கு நான் செய்கிற வேலையை எனக்கே சொல்லிக் கொடுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் ஒன்றைக் காட்டினால் மென்பொருள் மற்ற நிறங்களைத் தானே நேராக்கிக்கொள்ளும். அவர் பம்ப் அறையின் சுவரைத் தொட்டார். சுவர் பளிச்சென்று வெள்ளையானது. மேகம் மேகமானது, மலையின் பச்சை பச்சையானது. தண்ணீர் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. முன்பைவிடத் தெளிவான மஞ்சள்.

"இன்னும் போகல பாரு" என்று உச்சுக்கொட்டினார்.

"சுவர் வெள்ளையாயிடுச்சே அத்தான். வெளிச்சம் சரியாயிடுச்சு. அப்ப தண்ணிதானே மஞ்சள்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கோபம்கூட இல்லை, இரக்கம்.

"தண்ணி எப்படிம்மா மஞ்சளா இருக்கும்? தண்ணிக்கு நான்தானே இன்ஜினியர்?"

 வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். மஞ்சள் இருக்கிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு மாஸ்க் கட்டினார். அந்த இடத்தின் நிறத்தை மட்டும் நீலத்தை நோக்கி இழுத்தார். பச்சையானது. "ம்ஹூம்" என்றார். நிறத்தை வடித்தார், சாம்பலானது. மறுபடி நீலத்தை ஏற்றினார். என் கணவர் நீலம் போட்டு மல்லாடிய அதே மல்லாட்டம். அவருக்கு அங்கே உயிர் போனது, இவருக்கு இங்கே பொழுது போனது. சாயங்காலம்வரை இழுத்து, கடைசியில் ஏரி நீலமானது. பல்பொடி விளம்பரத்தில்கூட அப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை. மாஸ்க் ஓரம் பிசிறடித்து, பம்ப் அறையின் கால்களைச் சுற்றி ஒரு நீல வளையம் ஒளிவீசியது. நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சரிசெய்து தொலைப்பார்.

"இப்ப சொல்லு, எது நிஜம் மாதிரி இருக்கு?" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

பாவி மனிதர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எதுவென்று தெரிந்திருக்கும், அந்த மட்டுக்காவது மதிக்கலாம். இவர் கண்ணுக்கு நேரே தண்ணீர் கெட்டுக் கிடக்கிறது, இவர் படம் கெட்டுவிட்டதே என்று கவலைப்படுகிறார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் துள்ளி எழுந்தார். "அந்த மஞ்சள் படத்தை வாங்கிடு. மேலாளர்கிட்ட காட்டலாம், மேலதிகாரிக்கு அனுப்பலாம்."

"யாரு எடுத்த படம்னு கேப்பாங்க. யாரு கொண்டுவந்ததுன்னு கேப்பாங்க. படத்தைத் திருத்தறதே பொழப்பா இருக்கறவ நான். புருஷன் கடையைக் காப்பாத்த இவளே மஞ்சள் அடிச்சுக் கொண்டாந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

அவர் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். வாளியைப் பார்த்தார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, அந்தப் படத்தைத் துரையே தன் கையால் சபையில் காட்ட வேண்டும். வேறு யார் காட்டினாலும் எடுபடாது.

அது முடியாத காரியமும் இல்லை. அந்த மென்பொருள் ராவில் கை வைக்காது. நாம் பண்ணிய கூத்தையெல்லாம் தனியாகக் குறித்துக்கொண்டு திரையில் மட்டும் மாற்றிக் காட்டும். ஏரியின் மஞ்சள் துரையின் மடிக்கணினியில் பத்திரமாக இருந்தது. இனி வேண்டியது துரைக்குக் கொஞ்சம் சொறிந்துவிடுவது. அதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை.

நாட்காட்டி எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. மாதிரிப் பிரதியை நானே எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"எங்க ஆளுங்க எல்லாம் அசந்துட்டாங்க அத்தான்" என்றேன். அவருக்கு உச்சி குளிர்ந்தது. கொஞ்சம் குளிரவிட்டு, "எவ்வளவு நல்ல கேமரா, ஏரியை அப்படியே அள்ளிக் கொடுத்திருக்குன்னு ஒரே பேச்சு" என்றேன்.

முகம் விழுந்தது. "கேமராவா? கேமரா என்ன கொடுத்துச்சு? கேமரா கொடுத்தது குப்பை. இதை நீலமாக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல எப்படி இருந்துச்சு, நீங்க எப்படி மாத்தினீங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே?"

அவர் மாதிரிப் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசித்தார். சமையலறை வாசலில் அக்கா துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். கூடப் பிறந்தவள், என் குரலில் தேன் வடிந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

"நீங்க பேசாம படத்தை மட்டும் காட்டிட்டு வாங்க" என்றாள் அவரிடம்.

"உனக்குக் கலையைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் துரை.

அக்கா தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். அவளை நினைத்துத்தான் எனக்குச் சங்கடம். அவரை நினைத்து ஒரு மண்ணும் இல்லை.

வெளியீட்டு விழா அதே ஓட்டலின் கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் துரையின் மேலதிகாரி, வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள், பத்திரிகைக்காரர் ஒருவர், ஓட்டல் மேலாளர், ஓரத்தில் அக்கா. மேடை மேசையில் விரித்திருந்த துணி நாங்கள் துவைத்தது. வெள்ளை விளக்கின் கீழே அந்த மஞ்சள் ஊருக்கே தெரிந்தது. என் கணவர் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். விழா முடிந்ததும் வந்து கடைசி மூட்டையை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் மேலாளர். என் கணவர் கையில் காலி மூட்டைத் துணியை மடித்து வைத்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

மேலதிகாரி நாட்காட்டியைப் பிரித்துக் காட்டினார். நீல ஏரி. கைதட்டினார்கள். "நம்ம தண்ணியோட தரத்துக்கு இந்த அட்டையே சாட்சி" என்று பேசினார். வியாபாரிகள் சங்கத் தலைவர் எழுந்து, "கேமரா என்ன கம்பெனி சார்?" என்று கேட்டார். அவரை நான் ஏற்பாடு செய்யவில்லை. அந்த ஒரு கேள்வியில் துரைக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது.

மைக்கைப் பிடித்தார். மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தார். "படம் எடுக்கறது யார் வேணாலும் எடுக்கலாம். அதுக்கப்புறம்தான் கலை" என்று ஆரம்பித்தார். அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. நடுவில் ஒரு கோடு விழும், கோட்டுக்கு அந்தப் பக்கம் பழையது, இந்தப் பக்கம் புதியது. பழைய பக்கத்தில் ஒயிட் பேலன்ஸை மட்டும் சரிசெய்த படத்தை வைத்திருந்தார். அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். நீலம் திரையை விட்டு ஒதுங்க ஒதுங்க மஞ்சள் வந்து நின்றது. சுவர் அகலத்துக்கு, ஆள் உயரத்துக்கு.

கூடத்தில் சத்தம் நின்றுபோனது. துரை அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? இப்படித்தான் இருந்துச்சு!"

மேலாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். பம்ப் அறையின் மேல் விரலை வைத்தார். "சார், இது என்ன?"

"பழைய பம்ப் அறை. காம்போசிஷனுக்கு முன்னால ஒண்ணு வேணும்னு வச்சேன்."

"எங்க பக்கத்துக்கு இங்கேருந்துதானே தண்ணி வருது?"

"ஆமா, ஆமா." துரைக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கலையைப் பற்றி ஒன்றும் இல்லையே.

"இந்த மஞ்சள் கேமராக் கோளாறா?"

இந்த இடத்தில் அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். என்னிடம் அப்படித்தானே சொன்னார்?  ஆனால் கேமராக் கோளாறைச் சரிசெய்தவன் மெக்கானிக். துரை கலைஞன் அல்லவா?

"கேமரா பொய் சொல்லாது சார். கேமரா பாத்தது அப்படியே இது. ஒயிட் பேலன்ஸ் சரியா வச்சுத்தான் காட்டறேன், சுவரைப் பாருங்க, பால் மாதிரி வெள்ளை. அன்னிக்கு அங்க அப்படி ஒரு மஞ்சள்! அதுலேருந்து இந்த நீலத்தைக் கொண்டாந்தேன் பாருங்க, அதுதான் வேலை. லேசில போகல. என்ன போட்டாலும் போகல!"

பின்சுவரிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"எங்களுக்கும் போகல, என்ன போட்டாலும்."

எல்லாரும் திரும்பினார்கள். அவர் கையிலிருந்த மூட்டைத் துணியைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மேடை மேசையின் மேல் கிடந்த துணியைப் பார்த்தார்கள். பிறகு திரையை. பத்திரிகைக்காரர் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். மேலதிகாரி எழுந்தும் எழாமலும் நின்றார்.

துரை மட்டும் கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைத் தாண்டிப் பார்த்து, என் கணவரை அடையாளம் கண்டுகொண்டு, முகமெல்லாம் மலர்ந்தார். முதல் முறையாகக் குடும்பத்தில் ஒருவன் கலையைப் பற்றிப் பேசிவிட்டான்.

"போகும் சகலை!" என்றார் மைக்கில். "மாஸ்க் போடணும். வீட்டுக்கு வா, சொல்லித் தரேன்."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மேலதிகாரி மடிக்கணினியைத் தானே மூடினார், ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். முன்வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், வலிக்கிற மாதிரி ஒரு கிள்ளு கிள்ளினாள், பிறகு விடாமல் பிடித்துக்கொண்டாள்.

மேலாளர் நேராகப் பின்சுவருக்குப் போனார். "கணக்கை முடிக்க வேண்டாம், எப்பவும் போல துணியை எடுத்துக்கிட்டுப் போங்க. தண்ணி சரியாகற வரைக்கும் இங்கேயே போர்வெல் தண்ணி பிடிச்சுக்குங்க, லாரிக்கு நான் சொல்றேன்" என்றார். என் கணவர் தலையாட்டினார். கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார். 

வெளியே வாசலில் துரை என்னைப் பிடித்துக்கொண்டார். மேலதிகாரி திங்கட்கிழமை காலையில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தாராம். அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ. கவலை வேறு. நிஜமாகவே மனம் நொந்திருந்தார்.

"கவனிச்சியா நீ? எல்லாரும் அந்த ஒரிஜினலையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தாங்க. எடிட்டிங்கைப் பத்தி ஒருத்தன்கூட வாயைத் திறக்கல. ரசனை கெட்ட ஜனங்க."

"ஆமா அத்தான்" என்றேன்.